வளவுத் தூணில் பட்டன், பெட்டிக்குள் ரெகுலேட்டர்

சின்ன லினக்ஸ் போர்டு ஒன்றை வைத்துக் கருவி செய்து, அதை ஒரு வீட்டிலோ கடையிலோ மாட்டிக் கொடுத்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். மாட்டிய பிறகு வருகிற போன்கள் எல்லாம் இந்த மாதிரிதான் இருக்கும்: "அமுக்குனா பேச மாட்டேங்குது", "யாரும் தொடாமலே தானாப் பேசுது", "கரண்டு வந்ததும் ஆன் ஆகல", "கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னு போகுது". மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய புரோகிராமைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். குறை எல்லாம் இரண்டு இடத்தில்தான் வரும். ஒன்று விரல் படுகிற பட்டன், இன்னொன்று கரண்டை அளந்து கொடுக்கிற ரெகுலேட்டர். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஒதுக்கிவைப்பதும் இவை இரண்டையும்தான். முதலில் பார்க்க வேண்டியவை இவை என்பது என் கட்சி.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பழைய நகரத்தார் வீடு. சுற்றிப் பார்க்க வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். முகப்பு, வளவு (வீட்டு நடுமுற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் அந்த இடத்தின் கதையை ஸ்பீக்கர் சொல்லும். பர்மாத் தேக்கு எப்படிக் கடல் தாண்டி வந்தது, சுவருக்கு இந்த வழவழப்பு வர சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவை எப்படிச் சேர்த்தார்கள், ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து எப்படி வார்க்கிறார்கள், இப்படி. முன்பு ஒரு நிறுவனத்தார் செய்து மாட்டிவிட்டுப் போன பெட்டி அது. அவர்கள் இப்போது வருவதில்லை. பெட்டி மேலே நான் சொன்ன எல்லாப் புகாரும் ஒருசேர இருந்தது. வீட்டுக்கார ஆச்சி என் அம்மாவுக்குத் தெரிந்தவர். அந்த வழியில் வேலை என்னிடம் வந்தது.

பெட்டியைத் திறந்ததும் எனக்கு விஷயம் ஓரளவு விளங்கிவிட்டது. போர்டு நல்ல போர்டு: ஆல்வின்னர் ஏ20 சிப்பும், அதற்குக் கரண்டு பிரித்துக் கொடுக்கும் ஏஎக்ஸ்பி209 பவர் சிப்பும் இருந்தன. ஆம்ப்ளிஃபயரும் குறை சொல்ல முடியாத பிஏஎம்8403. பிரச்சினை, இந்தக் கம்பிகளைப் பற்றிக் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் புரோகிராமுக்கு, யாரும் முழுசாகச் சொல்லவில்லை என்பது. பட்டன்களை ஒரு பைத்தான் ஸ்கிரிப்டு கவனித்துக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயரின் கரண்டு எப்படியோ வந்துகொண்டிருந்தது. அதை யார் கேட்டு வாங்குவது, யார் விடுவது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

லினக்ஸில் இதை எழுதிவைக்கும் இடம் டிவைஸ் ட்ரீ. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்ளும்போது எந்த அறை யாருக்கு, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்தில் எழுதுவார்களே, அந்த மாதிரி. இந்தப் பின்னில் (சிப்பின் காலில்) ஒரு பட்டன் இருக்கிறது, அது இன்ன சாவி. இந்தப் பின் ஒரு ரெகுலேட்டரைத் திறக்கும், அது இத்தனை வோல்ட்டு, அதிலிருந்து கரண்டு எடுப்பது இன்ன சாதனம் என்று வரிவரியாக இருக்கும். எழுதிவிட்டால் கெர்னல் அந்தக் கம்பிக்குப் பொறுப்பு ஏற்கும். எழுதாத கம்பிக்குப் பொறுப்பு யாரும் இல்லை; எந்த ஸ்கிரிப்டு முதலில் தொடுகிறதோ அதன் இஷ்டம்.

பட்டனில் தொடங்குகிறேன்.

பழைய பெட்டியில் வெள்ளை பிளாஸ்டிக் பட்டன்கள் இருந்தன. பாதி உடைந்துபோய், ஒன்றில் ஸ்பிரிங்கே இல்லை. புதிதாக எதை வைக்கலாம் என்று கேட்டபோது ஆச்சி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, எத வேணும்னாலும் வைங்க. பிளாஸ்டிக்க மட்டும் இந்தத் தூணுல வைக்காதீங்க. பாக்கவே பிடிக்கல."

"சரிங்க ஆச்சி. பழைய பித்தளை பெல் பட்டன் கிடைச்சா வைக்கலாமா?"

"அது நம்ம வீட்டுலயே முன்ன இருந்துச்சு. வைங்க."

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் பீங்கான் சுவிட்சுகள் கிடந்த டப்பாவுக்கு அடியில் இந்தப் பித்தளைப் பட்டன்கள் கிடைத்தன. வட்டமான பித்தளைத் தட்டு, நடுவில் பீங்கான் குமிழ். பின்பக்கம் திருகைக் கழற்றினால் இரண்டு பித்தளைத் தகடுகள் தெரியும். குமிழை அமுக்கினால் மேல்தகடு வளைந்து கீழ்த்தகட்டைத் தொடும். வேறு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து வேலைப்பாடு அது, பார்க்கவே அருமையாக இருக்கும்.

ஆனால் மின்சார ரீதியாக அது தொல்லை பிடித்த பொருள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆசிலோஸ்கோப்பில் மாட்டினேன். 3.3 வோல்ட்டில் ஒரு புல்-அப் ரெசிஸ்டர் (பட்டன் மூடாத நேரத்தில் கம்பியை மேல் வோல்ட்டில் பிடித்துவைப்பது) போட்டு குமிழை அமுக்கினால், திரையில் நேராக ஒரு கோடு இறங்க வேண்டும். இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது, பாதியில் தொங்கியது, பிறகுதான் அடங்கியது. தகடு அதிர்ந்து முடிய இருபது மில்லிசெகண்டுக்குக் குறையாமல் ஆகிறது. சில அமுக்கல்களில் கோடு கீழே வரவே இல்லை. தகட்டின் மேல் பல வருஷத்துக் களிம்பு. மல்டிமீட்டரில் கிலோ ஓம் கணக்கில் எதிர்ப்பு காட்டியது. ஆனால் அதே பட்டனில் 12 வோல்ட்டில் ஐந்து மில்லிஆம்பியர் ஓடவிட்டால் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக வேலை செய்தது. களிம்பை உடைத்துக்கொண்டு போக ஒரு குறைந்தபட்சக் கரண்டும் வோல்ட்டேஜும் வேண்டும். சிப்புக்குள்ளே இருக்கும் புல்-அப் பொதுவாகப் பத்துக்கணக்கான கிலோ ஓம். அதில் ஓடுவது மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. போர்டுகளில் வரும் சின்ன டாக்ட் சுவிட்சுக்கு அது போதும். நூற்றாண்டு பழைய பித்தளைக்குப் போதாது.

கம்பியும் நீளம். இந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பெட்டியிலிருந்து கடைசிப் பட்டனுக்கு இருபது மீட்டருக்கு மேல் கம்பி ஓடுகிறது. சுவரைக் கொத்தக் கூடாது என்பதால் மரவேலையின் ஓரமாக, பழைய லைட் ஒயரிங் போகிற அதே வழியில் போகிறது. பக்கத்தில் 230 வோல்ட்டு. அதனால்தான் அந்த வீட்டில் "யாரும் தொடாமலே தானாப் பேசுது". அதைக் கண்ணால் பார்க்கவும் முடிந்தது. பெட்டியோடு லேப்டாப்பை இணைத்து, பிராக் அடைவில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பை (எந்தப் பின் எத்தனை தடவை கெர்னலைக் கூப்பிட்டது என்ற எண்ணிக்கை அதில் இருக்கும்) திரும்பத் திரும்பக் காட்டும்படி விட்டேன். காவலுக்கு இருக்கும் அண்ணனிடம், "அண்ணே, அந்த ஃபேனை ஆஃப் பண்ணுங்க" என்றேன். சுவிட்சு கிளிக் என்றதும் எந்தப் பட்டனையும் தொடாமலே மூன்று பின்களின் எண்ணிக்கை குபீரென்று ஏறியது. நீளமான கம்பி ஆன்டெனா மாதிரி வேலை செய்கிறது. பலவீனமான புல்-அப்பால் அதை அடக்க முடியவில்லை.

இதற்கு ஸ்கிரிப்டில் வைத்தியம் தேடக் கூடாது. முதலில் கம்பியில் செய்ய வேண்டும். பட்டன்களின் மின்சுற்றைப் போர்டின் பின்களிலிருந்து பிரித்து 12 வோல்ட்டில் ஓடவிட்டேன். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பிசி817 ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் சிப்), அதற்கு முன்னால் 2.2 கிலோ ஓம். பட்டன் மூடினால் ஐந்து மில்லிஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். ஆப்டோவின் உள்ளே எல்இடி எரியும். மறுபக்கத்து டிரான்சிஸ்டர் போர்டின் பின்னைக் கிரவுண்டுக்கு இழுக்கும். போர்டு பக்கம் 10 கிலோ ஓம் புல்-அப் வெளியே தனியாக. இருபது மீட்டர் கம்பியில் வரும் கசமுசாவுக்கு அந்த எல்இடியை எரியவைக்கும் தெம்பு கிடையாது. ஒரு பட்டனுக்கு ஆகும் செலவு சொற்பம். பிசி817 மதுரை டவுன்ஹால் ரோட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.

அதன் பிறகுதான் டிவைஸ் ட்ரீ. லினக்ஸில் இதற்கென்றே ஜிபிஐஓ-கீஸ் என்ற டிரைவர் இருக்கிறது. ஜிபிஐஓ என்றால் நம் இஷ்டத்துக்குப் பயன்படுத்தக்கூடிய பின்; நோடு என்றால் டிவைஸ் ட்ரீயில் ஒரு சாதனத்துக்கான பகுதி. தாய் நோடு ஒன்று, அதன் கீழ் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பிள்ளை நோடு. பிள்ளை நோடில் பேர், எந்தப் பின், அமுக்கினால் பின் மேலே போகுமா கீழே வருமா, எந்தச் சாவி எண் என்ற நான்கு விஷயம் போதும். எங்கள் ஆப்டோ பின்னைக் கீழே இழுப்பதால் ஆக்டிவ்-லோ. சாவி எண் லினக்ஸின் பொதுப் பட்டியலிலிருந்து வரும். என்டருக்கு 28, பவருக்கு 116 என்று கீபோர்டுகளுக்கு இருக்கும் அதே எண்கள். இதன் அழகு என்னவென்றால், மேலே ஓடுகிற புரோகிராமுக்கு இது வெறும் கீபோர்டு. வீட்டில் யுஎஸ்பி கீபோர்டைச் சொருகி புரோகிராமைச் சோதிக்கலாம். வளவுத் தூணில் பித்தளைப் பட்டனை மாட்டினால் அதே புரோகிராம் ஒரு எழுத்து மாறாமல் ஓடும்.

டிபவுன்ஸ்-இன்டர்வல், அதாவது அதிர்வு அடங்கக் காத்திருக்கும் நேரம், என்று ஒரு பிராப்பர்ட்டி உண்டு. எழுதாவிட்டால் டிரைவர் 5 மில்லிசெகண்டு என்று எடுத்துக்கொள்ளும். கடையில் வாங்கும் சின்ன டாக்ட் சுவிட்சுக்கு அது பெரும்பாலும் சரி. இருபது மில்லிசெகண்டு அதிரும் தகட்டுக்கு எப்படிச் சரியாகும்? 40 என்று வைத்தேன். அமுக்குகிறவர் விரலுக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. டிரைவர் உள்ளே செய்வது இதுதான்: ஜிபிஐஓ கன்ட்ரோலருக்கே டிபவுன்ஸ் செய்யும் வசதி இருந்தால் வேலையை அதனிடம் கொடுத்துவிடும். இல்லாவிட்டால் இன்டரப்ட் வந்ததும் ஒரு டைமரை ஓடவிடும். நடுவில் மறுபடி இன்டரப்ட் வந்தால் டைமரை முதலிலிருந்து தொடங்கும். கடைசியில் பின்னைப் படிக்கும். படிக்கும்போது பின் பழைய நிலையிலேயே இருந்தால் மேலே எதுவும் போகாது. ஃபேன் அணைக்கும்போது கம்பியில் வருகிற ஒரு நொடிக்கீற்றுக் கசமுசா இதிலேயே செத்துவிடும். பைத்தான் ஸ்கிரிப்டில் இதையெல்லாம் நாமே எழுத வேண்டும். போதாக்குறைக்கு அந்த ஸ்கிரிப்டு சிஸ்எஃப்எஸ் (கெர்னல் காட்டும் கோப்புகள்) வழியாகப் பின்னைத் தொட்டுக்கொண்டிருந்தது. 2016-இல் 4.8 கெர்னல் வந்தபோதே கைவிடப்பட வேண்டியது என்று அறிவிக்கப்பட்ட வழி அது.

சரிபார்க்க ஈவி-டெஸ்ட் என்ற சின்னக் கருவி இருக்கிறது. அதை ஓடவிட்டுப் பட்டனை அமுக்கினால் 1, விட்டால் 0. ஒரு அமுக்கலுக்கு ஒரு 1, ஒரு 0. அவ்வளவுதான் வர வேண்டும். காவல் அண்ணனை ஒவ்வொரு தூணாகப் போய் அமுக்கச் சொல்லி, ஃபேனை, மோட்டாரை, மிக்ஸியைப் போட்டும் அணைத்தும் பார்த்துவிட்டுத்தான் பட்டன் வேலையை முடித்தேன். அவர் கடைசிப் பட்டனில் நின்று, "தம்பி, இது விரல்ல நல்லாத் தெரியுது, முன்னது சவசவன்னு இருக்கும்" என்றார்.

பவர் பட்டன் தனிக் கதை. இதில் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: லினக்ஸ் ஓடாத நேரத்தில் இந்தப் பட்டனை யார் கவனிக்கிறார்கள்? ஜிபிஐஓ-கீஸில் 116 என்று எழுதி ஒரு பவர் பட்டன் வைத்தால், அணைக்க அது உதவும். சாவி வந்ததும் சிஸ்டம்டி-லாகின்டி என்ற பின்னணிப் புரோகிராம் அதைப் பிடித்து ஒழுங்காக ஷட்டவுன் செய்யும். வேக்கப்-சோர்ஸ் என்று ஒரு வரி சேர்த்தால் தூங்கப்போட்ட போர்டை எழுப்பவும் முடியும். ஆனால் முழுக்க அணைந்த போர்டை அந்தப் பட்டனால் எழுப்ப முடியாது. கவனிக்கக் கெர்னலே இல்லையே. அந்த நேரத்தில் முழித்திருப்பது பவர் சிப் ஒன்றுதான். அதனால் ஆன் செய்யவும் உதவ வேண்டிய பட்டனைப் பவர் சிப்பின் பின்னில்தான் மாட்ட வேண்டும். ஏஎக்ஸ்பி209-இல் அதற்கென்று பின் இருக்கிறது. லினக்ஸ் ஓடும்போது அதே பட்டனை ஏஎக்ஸ்பி20எக்ஸ்-பெக் என்ற டிரைவர் சாதாரணப் பவர் சாவியாக மேலே கொடுக்கும். பீகிள்போன் பிளாக் என்ற போர்டிலும் இதே ஏற்பாடு, டிபிஎஸ்65217 என்ற சிப்பில். ராஸ்பெர்ரி பை போர்டுகளில் அப்படித் தனிப் பட்டன் 2023-இல் வந்த பை 5-இல்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் ஜிபிஐஓ-ஷட்டவுன் என்ற ஓவர்லே (டிவைஸ் ட்ரீயின் மேல் ஒட்டும் துண்டு) ஜிபிஐஓ 3-ஐ எடுத்துக்கொள்ளும். ஹால்ட் ஆன போர்டை எழுப்புவதும் அந்தப் பின்தான். சென்சார் மாதிரிச் சிப்புகளோடு பேசும் ஐ2சி-யின் கிளாக் கம்பியும் அதே பின் என்பதால் ஐ2சி சென்சார் வைத்திருப்பவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஷட்டவுன் முடிந்ததும் கரண்டை உண்மையாக வெட்டுவது யார்? பல பவர் சிப்புகளில், நோடில் சிஸ்டம்-பவர்-கன்ட்ரோலர் என்ற ஒரு வரி இருந்தால்தான் கெர்னல் கடைசியில் அந்தச் சிப்பிடம் "வெட்டு" என்று சொல்லும். அந்த வரி வேண்டியிருந்தும் இல்லாத போர்டுகளில் சிபியு நின்றுவிடும், சிவப்பு எல்இடி எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும். அணைந்துவிட்டது என்று நினைத்துப் போகிறவருக்கு அது தெரியாது.

அழுத்திப் பிடிப்பதும் கவனிக்க வேண்டியது. பவர் பட்டனை நீளமாக அழுத்தினால் பவர் சிப் லினக்ஸைக் கேட்காமலே கரண்டைப் பிடுங்கிவிடும். தொங்கிப்போன போர்டை மீட்க அது வேண்டும். ஆனால் பெட்டி உடனே அணையாவிட்டால் மனிதர்கள் இன்னும் அழுத்திப் பிடிப்பார்கள், அது இயல்பு. எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் கார்டு கெடும். ஏஎக்ஸ்பி209-இல் அந்த நேரத்தைப் பத்து விநாடி வரை நீட்டிவைக்கலாம். நான் அதை நீட்டியதோடு, பட்டன் அமுக்கியவுடன் ஸ்பீக்கர் "அணைகிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லும்படியும் செய்தேன். சொன்னதும் அண்ணன் விரலை எடுத்துவிடுகிறார்.

இப்போது சத்தம் நின்று போன கதைக்கு வருகிறேன்.

பெட்டி ஆன் ஆனதும் பேசும். அரை நிமிஷம் கழித்து ஊமையாகிவிடும். மறுபடி அணைத்துப் போட்டால் மறுபடி பேசும், மறுபடி ஊமை. ஸ்பீக்கர் ஒயரில் லூஸ் கனெக்‌ஷன் என்று சொல்லி உள்ளூர் எலக்ட்ரீசியன் ஒருவர் ஒயரையே மாற்றியிருக்கிறார். கெர்னல் லாகைப் பார்த்தால் விஷயம் ஒரே வரியில் இருந்தது: ஆம்ப்ளிஃபயர் ரெகுலேட்டரின் பேர், பக்கத்தில் "டிசேபிளிங்".

லினக்ஸின் ரெகுலேட்டர் அமைப்பு 2008-இல் 2.6.27 கெர்னலில் வந்தது. லியம் கிர்ட்வுட், மார்க் பிரவுன் இருவரும் அதன் முக்கிய ஆசிரியர்கள். அதன் அடிப்படைக் கொள்கை எனக்கு மிகவும் பிடித்தது: எந்த ரெகுலேட்டரையும் யாராவது ஒருவர் கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று கெர்னல் கணக்கு வைக்கும். கடைசி ஆள் விட்டதும் அணைத்துவிடும். பூட் ஆகி முடிந்த பிறகு, யாரும் கேட்காமல் சும்மா எரிந்துகொண்டிருக்கும் ரெகுலேட்டர்களைத் தேடிப்பிடித்து அணைக்கும். இப்போதைய கெர்னல்களில் அந்தத் தேடல் நடப்பது சுமார் 30 விநாடி கழித்து. ஆச்சி வீட்டுப் பெட்டி ஊமையாகும் நேரம் அதேதான்.

பெட்டியைச் செய்தவர்கள் ஆம்ப்ளிஃபயரின் 5 வோல்ட்டை ஒரு ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்டு (ஒரே வோல்ட்டு கொடுப்பது) நோடாக எழுதி, ரெகுலேட்டர்-பூட்-ஆன் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அதனால் ஆரம்பத்தில் எரியும். ஆனால் அதைக் கேட்டு வாங்கும் சாதனம் என்று ஒன்றையும் எழுதவில்லை. தேடலில் அணையாமல் இருக்கக் கெர்னல் கட்டளை வரியில் ரெகுலேட்டர்-இக்னோர்-அன்யூஸ்டு என்று சேர்த்திருந்தார்கள். பின்னால் யாரோ புது கார்டில் இமேஜ் ஏற்றியபோது அந்தச் சொல் போய்விட்டது. அவ்வளவுதான். அந்தச் சொல் சோதனை மேஜையில் உபயோகமானது. வீட்டில் மாட்டும் கருவியில் அதை விட்டுவைப்பது தப்பு, ஏனென்றால் அது இந்த ஒன்றை மட்டும் காப்பாற்றாது, சும்மா எரியும் எல்லாவற்றையும் எரியவிடும்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் கை வைப்பது ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன். போட்டால் சத்தம் வரும், உண்மை. ஆனால் யாரும் பேசாத நேரத்திலும் ஆம்ப்ளிஃபயர் எரிந்துகொண்டே இருக்கும், ஸ்பீக்கரில் ஒரு "ஸ்ஸ்ஸ்" ஓடிக்கொண்டே இருக்கும். வளவில் மதியத்தில் நின்றால் புறா இறக்கை அடிப்பதுகூடக் கேட்கும். அங்கே அந்த இரைச்சலை விட்டுவர எனக்கு மனசு வரவில்லை.

சரியான வழி, கேட்டு வாங்கும் ஆளை எழுதுவது. சிம்பிள்-ஆடியோ-ஆம்ப்ளிஃபயர் என்று ஒரு டிரைவர் இருக்கிறது. அதன் நோடில் விசிசி-சப்ளை என்ற வரியில் நம் 5 வோல்ட்டு ரெகுலேட்டரைக் காட்டி, சவுண்டு கார்டின் பாதையில் அதைச் சேர்த்தால் போதும். பாட்டு ஓடத் தொடங்கும்போது ஆடியோ அமைப்பு ரெகுலேட்டரைக் கேட்கும், முடிந்ததும் விட்டுவிடும். கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்-இல் ரெகுலேட்டர் சம்மரி என்ற பட்டியல் இருக்கிறது. எது எதன் கீழ் தொங்குகிறது, எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள், எத்தனை மில்லிவோல்ட்டு என்று மரமாகக் காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு தூணில் பட்டனை அமுக்கினால், ஆம்ப்ளிஃபயர் வரியில் 0 இருந்த இடத்தில் 1 வரும். குரல் முடிந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி 0. ஒரு விரல் பித்தளையை அமுக்கியதிலிருந்து ஒரு ரெகுலேட்டர் திறப்பது வரை முழுப் பாதையும் அந்த ஒரு எண்ணில் தெரிகிறது. நான் அதைப் பல தடவை அமுக்கிப் பார்த்தேன், அவசியம் இல்லாவிட்டாலும்.

ஸ்பீக்கரில் "டப்" என்ற சத்தம் வந்தால் ஸ்டார்ட்டப்-டிலே வரியைக் கூட்டிப் பாருங்கள். மைக்ரோசெகண்டில் எழுத வேண்டும். திறந்த பிறகு வோல்ட்டேஜ் நிலைக்கும் வரை கெர்னல் அவ்வளவு நேரம் காத்திருக்கும்.

ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்டில் ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஜிபிஐஓ வரியில் ஆக்டிவ்-ஹை என்று நாம் தெளிவாக எழுதியிருந்தாலும், எனேபிள்-ஆக்டிவ்-ஹை என்ற தனி வரி இல்லாவிட்டால் கெர்னல் அதை ஆக்டிவ்-லோ என்றே எடுத்துக்கொள்ளும். பழைய டிவைஸ் ட்ரீக்கள் உடையக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு. விளைவு, ஆன் என்று சம்மரி சொல்லும், மல்டிமீட்டர் பூஜ்ஜியம் காட்டும். சம்மரியும் மீட்டரும் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசினால் முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.

அதைவிட ஆபத்தானது, வேறு போர்டின் டிவைஸ் ட்ரீயை அப்படியே எடுத்து ஒட்டுவது. பட்டன் எண் தப்பானால் பட்டன் வேலை செய்யாது, அவ்வளவுதான். பவர் சிப்பின் ரெகுலேட்டர் எல்லை தப்பானால் பொருள் எரியும். குறைந்தபட்ச, அதிகபட்ச மைக்ரோவோல்ட்டு இரண்டும் எழுதியிருந்தால், ரெகுலேட்டர் பதிவாகும்போதே கெர்னல் இப்போதைய வோல்ட்டேஜைப் பார்க்கும். எல்லைக்கு வெளியே இருந்தால் உள்ளே இழுத்துவரும். 1.8 வோல்ட்டில் வாழும் ஒரு சிப்புக்கு இரண்டு வரியிலும் 3300000 என்று எழுதியிருந்தால், யாரும் கேட்காமலே அதற்கு 3.3 வோல்ட்டு போய்ச் சேரும். அதனால் ஸ்கீமாட்டிக்கை (போர்டின் சுற்று வரைபடத்தை) கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் எதிரே என்ன தொங்குகிறது என்று பார்த்துத்தான் நான் அந்த எண்களைத் தொடுகிறேன். ஸ்கீமாட்டிக் வெளியிடாத போர்டை வாங்குவதே இல்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

டிவைஸ் ட்ரீ எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கம்பியில் வோல்ட்டு விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய ஏற்பாட்டில் இன்வெர்ட்டர் இருக்கும் அறையிலேயே 5 வோல்ட்டு அடாப்டரை வைத்து, அரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் பதினைந்து மீட்டர் இழுத்து வந்திருந்தார்கள். போக வர முப்பது மீட்டர், சுமார் ஒரு ஓம். பிஏஎம்8403 இரண்டு சேனலிலும் முழுச் சத்தத்தில் ஒன்றரை ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். 5 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட்டு வழியிலேயே போய்விடும். கதை சொல்லும் குரல் கொஞ்சம் உயர்ந்ததும் போர்டு ரீசெட் ஆனதற்கு அதுதான் காரணம். இப்போது 12 வோல்ட்டை இழுத்துவந்து, பெட்டிக்குள்ளே ஒரு பக் கன்வெர்ட்டரில் (அதிகம் வீணாக்காமல் வோல்ட்டேஜைக் குறைப்பது) 5 ஆக்குகிறேன். அதே ஒயரில் ஓடும் கரண்டு பாதிக்கும் கீழ். விழும் வோல்ட்டும் பொருட்டில்லை. இந்த இடத்தில் 7805 என்ற பழைய வகை ரெகுலேட்டரைப் போட்டால் ஏழு வோல்ட்டையும் வெப்பமாகவே கொட்டும், பத்து வாட்டுக்குப் பக்கத்தில். தேக்கு விதானத்தின் ஓரம் மூடிய பெட்டிக்குள் அதை வைக்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயரின் காலடியில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் வைத்தேன். பட்டன்களின் மின்சுற்றுக்கும் அதே 12 வோல்ட்டுதான். தனி சப்ளை தேவைப்படவில்லை.

வேலை முடிந்த அன்று ஆச்சி வளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். "முட்ட வெள்ளக்கரு எத்தனைன்னு சொல்லல, அதச் சேருங்க" என்றார். அது ஒலிப்பதிவு செய்தவர்கள் பாடு.

பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டிவைத்திருக்கிறேன். எந்தப் பின் எந்தத் தூண், எந்த ரெகுலேட்டர் எதற்கு, எத்தனை வோல்ட்டு, டிவைஸ் ட்ரீ மூலக்கோப்பு கார்டில் எங்கே இருக்கிறது என்று எல்லாம் தமிழில். அதே கோப்பின் பிரதி ஒரு பென்டிரைவில், கணக்குப்பிள்ளை மேஜை டிராயரில் இருக்கிறது. இரண்டாங்கட்டுக்கு இன்னொரு பெட்டி மாட்டும் வேலை தை கழித்துத் தொடங்குகிறது. அதற்குப் பித்தளைப் பட்டன்கள் இன்னும் ஐந்து வேண்டும். கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தகடு முறியாமல் இருந்தால் போதும்.